கோகிலவாணியின் ஹேண்டில்பாரும் மடைப்பாளையத்துப் பாலும்

மடைப்பாளையத்தில் ஆனி பிறந்துவிட்டால் மேற்கேயிருந்து காற்று புறப்பட்டு வந்து, ஒரு தெருவில் காயும் வேட்டியை அடுத்த தெருவில் கொண்டுபோய்ப் போட்டு, அடுத்த தெரு வேட்டியை ஊருக்கு வெளியே காற்றாலைக் கம்பத்தில் சுற்றிவிட்டு, ஆவணி முடிகிறவரை ஓயாமல் அடிக்கும். அந்தக் காற்றுக்கு எதிரே முகத்தைக் கொடுத்து, ஆட்டுக்கடாவின் கொம்பு போலக் கீழ்நோக்கி வளைந்த ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, தினமும் விடியற்காலையில் முப்பது கிலோமீட்டர் சைக்கிள் மிதிக்கிற ஒரே ஆள் அந்த ஊரில் தாலுகா ஆபீஸ் சர்வேயர் கோகிலவாணிதான். வயது நாற்பத்து மூன்று. சர்க்கரை எட்டிப் பார்க்கிறது என்று டாக்டர் சொன்னதற்காக மிதிக்க ஆரம்பித்தவள், சர்க்கரை பயந்து திரும்பிப் போன பிறகும் நிறுத்தவில்லை.

போன வருடம் அவள் பொள்ளாச்சியில் சைக்கிள்காரர்கள் நடத்தும் இருநூறு கிலோமீட்டர் ஓட்டத்தில் கலந்துகொண்டாள். காலை ஐந்து மணிக்குப் புறப்பட்டு, ஒட்டன்சத்திரத்தைத் தாண்டிப் போய்த் திரும்பி, சாயங்காலம் ஆறரைக்குள் வந்து சேரவேண்டும். போகும்போது காற்று முதுகைப் பிடித்துத் தள்ளியது. திரும்பும்போது நெஞ்சில் கை வைத்துத் தடுத்தது. மடத்துக்குளத்தை நெருங்கி நூற்று அறுபதாவது கிலோமீட்டர் வந்தபோது இரண்டு கையிலும் மோதிர விரலும் சுண்டு விரலும் செத்துப்போயின. கண்ணுக்குத் தெரிந்தன, ஆனால் அவளுடையதாக இல்லை. யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன விரல்கள் போல ஹேண்டில்பாரில் கிடந்தன. பிரேக் பிடிக்கிறோமா இல்லையா என்று தெரியாமல் ஒரு தயிர்க்காரரை இடிக்கப் போய், பஞ்சர் கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அங்கிருந்து தக்காளி வண்டியில், பெட்டிகளுக்கு நடுவே சைக்கிளையும் தன்னையும் செருகிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தாள்.

அதனால் இந்த ஆடியில், ஹேண்டில்பாரைச் சுற்றியிருந்த பழைய கருப்பு டேப் கரும்புச் சோகை மாதிரி உரிய ஆரம்பித்ததும், அவள் ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினாள். அங்கே சைக்கிள் கடை வைத்திருக்கும் ஹென்றி, டேப் விஷயத்தில் அவசரப்படுகிறவர்களுக்குப் பொருள் கொடுக்காத ஆள்.

"கலர் அப்புறம் பாத்துக்கலாம் மேடம். கண்ண மூடுங்க, கைய நீட்டுங்க," என்றார்.

அவள் கண்ணை மூடினாள். டேப் சுற்றிய குழாய்த் துண்டுகளை ஒவ்வொன்றாக அவர் அவள் கையில் வைத்தார். ஒன்று புதுச் செருப்பு போல இருந்தது. ஒன்று பள்ளிக்கூட ஸ்கேல் போல. ஒன்று, பிடித்த உடனே கை கழுவத் தோன்றுவதுபோல. பதினோராவது, கெட்டியாக, உள்ளே சதை இருப்பது போல அமுங்கி, அமுக்கிய விரலை மெல்லத் திருப்பித் தள்ளியது. "இது," என்றாள் கோகிலவாணி. கண்ணைத் திறந்தால் மயில்நீலம். கல்யாணப் பட்டில்கூட எடுக்கப் பத்து முறை யோசிக்கிற மயில்நீலம்.

"இதுல கருப்பு இல்லீங்களா?"

"இவ்வளவு கெட்டியானது இந்த ஒரு கலர்லதான் மேடம் வருது. கருப்பு, வெள்ளை வேணும்னா மெல்லிசுதான்."

ஒரு மணி நேரம் நின்றாள். தாலுகா ஆபீஸ் வாசலில் மயில்நீல ஹேண்டில்பாரோடு போய் இறங்கினால் தாசில்தார் என்ன நினைப்பார் என்று யோசித்தாள். பிறகு மடத்துக்குளத்துப் பெஞ்சையும் யோசித்தாள். வாங்கிவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் அதைச் சுற்றினாள். புருஷன் திருமூர்த்தி கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். அவர் காற்றாலைக் கம்பெனியில் எண்பது மீட்டர் உயரத்தில் ஏறி நட்டு முடுக்குகிறவர். அவ்வளவு உயரத்தில் பேச்சுக்கு ஆளில்லாமல் இருந்து இருந்து, தரையிலும் பேச்சு குறைந்துபோனவர். சுற்றி முடித்ததும் ஹேண்டில்பாரை ஒருமுறை பிடித்துப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டினார். அது அவரிடத்தில் ஒரு பெரிய பாராட்டு.

மறுநாள் காலை பக்கத்து வீட்டுப் பொங்கியண்ணன் பால் கொண்டுவந்தார்.

"தப்பா நெனச்சுக்காதீங் அம்மிணி, இன்னிக்குக் கொஞ்சம் நேரமாயிருச்சு. கன்னுக்குட்டி அவுத்துக்கிட்டு ஓடிருச்சுங்."

அவர் ஊற்றிய பால் மயில்நீலமாக இருந்தது.

"ஏனுங்ணா, பால் நீலமா இருக்குதுங்களே?"

"ஆமாங். நானுந்தான் பாத்தேன்," என்றார் பொங்கியண்ணன். அதற்குமேல் பேச ஒன்றுமில்லாததால் அடுத்த வீட்டுக்குப் போனார்.

அன்று மடைப்பாளையத்தில் கறந்த மாடு எருமை அத்தனையும், சினையாக நிற்கிற மாட்டின் கடைசிச் சொட்டு வரைக்கும், மயில்நீலமாகவே கறந்தன. பால் சொசைட்டியில் கொழுப்பை அளந்து பார்த்தார்கள். எப்போதும் உள்ளதைவிட ஒரு புள்ளி கூடுதலாகவே இருந்தது. நிறத்தைப் பற்றி நோட்டில் கட்டம் எதுவும் இல்லாததால் எழுதாமல் விட்டார்கள். டீக்கடை சிக்கந்தர் பாய் முதல் டீயைப் போட்டு, அது வேப்பிலை நிறத்தில் வந்ததைக் கண்டு கண்ணை மூடிக்கொண்டு குடித்துப் பார்த்து, "ருசி டீதான்," என்று அறிவித்தார். அதற்குப் பிறகு இரண்டு நாள் எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார்கள், மூன்றாம் நாள் மறந்துபோய்த் திறந்துகொண்டே குடித்தார்கள். சிவன் கோயில் குருக்கள், விஷத்தை விழுங்கியவருக்கு நீலத்தில் அபிஷேகம் செய்வது பொருத்தம்தான் என்று சொல்லிவிட்டார். கைக்குழந்தைகளுக்கு உதட்டோரம் நீலம் படிந்தது. அதையே திருஷ்டிப் பொட்டாக வைத்துக்கொண்டு தாய்மார்கள் மையை மிச்சம் பிடித்தார்கள். நெய் மட்டும் பச்சையாக உருகியது. அதற்குப் பழக ஒரு வாரம் ஆயிற்று.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் திருமூர்த்திதான். புதன்கிழமை காலை பால் டம்ளரோடு சைக்கிள் பக்கத்தில் நின்றவர், டம்ளரைப் பார்த்தார், ஹேண்டில்பாரைப் பார்த்தார், "ஒரே கலர்," என்றார். கோகிலவாணி அளந்து பார்க்காமல் எதையும் நம்புகிறவள் இல்லை. வீட்டிலிருந்த சிவப்பு ஒயர் டேப்பை ஒரு சாண் நீளம் எடுத்து மயில்நீலத்தின்மேல் ஒட்டினாள். டம்ளருக்குள் சிவப்பாக ஒரு வளையம் வந்து நின்றது. பிய்த்தாள், போய்விட்டது. மறுபடி ஒட்டினாள், வந்தது. அரசு ஊழியர் என்பதால் அன்றைக்கே பேரூராட்சித் தலைவருக்கு எழுத்து மூலம் தெரிவித்துவிட்டாள்.

பேரூராட்சித் தலைவர் நாச்சாத்தாள் மூன்று தேர்தலில் தோற்று நாலாவதில் ஜெயித்தவர். கடிதத்தை இரண்டு முறை படித்துவிட்டு, அவர் கேட்ட முதல் கேள்வி, "இது எது வரைக்கும் செல்லும்?" என்பதுதான். ஏனென்றால் பால் டேங்கர் லாரி ஊரிலிருந்து நீலமாகப் புறப்பட்டு, கிழக்குப் பாலத்தைத் தாண்டியதும் கண் இமைப்பதற்குள் வெள்ளையாகிவிடுகிறது என்று டிரைவர் சொல்லியிருந்தார். எல்லையை அளந்து சொல்வது சர்வேயரின் வேலை. கோகிலவாணி ஒரு டம்ளர் பாலைக் கையில் பிடித்துக்கொண்டு மூன்று நாள் ஊரைச் சுற்றி நடந்தாள். பால் வெளுக்கிற இடத்தில் ஒரு கல், நீலமாகிற இடத்தில் ஒரு கல். இருபது வருடமாக ஒரு வரப்புக்காக முகம் பார்க்காத அண்ணன் தம்பி இருவரின் வயலுக்கு நடுவே வந்தபோது, எல்லைக் கல் பதினோரு மீட்டர் தள்ளி நட்டிருப்பது தெரிந்தது. அங்கே கட்டியிருந்த பசுவுக்குத் தலை அடுத்த ஊரிலும் மடி மடைப்பாளையத்திலும் இருந்தது. பால் நீலமாகத்தான் வந்தது. மடி எந்த ஊரோ மாடு அந்த ஊர் என்று இரண்டு ஊரும் ஒத்துக்கொண்டன; அண்ணனும் தம்பியும் அன்றைக்கே ஒரே தட்டில் நீலத் தயிர் பிசைந்து சாப்பிட்டார்கள்.

இப்படியே போயிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நிறத்தை ஒரு ஆள் மாற்றலாம் என்று தெரிந்துபோனால், எந்த ஊர்தான் சும்மா இருக்கும்? கோகிலவாணி வீட்டு வாசலுக்கு மனுக்கள் வர ஆரம்பித்தன. ஆவணியில் பெண்ணுக்குக் கல்யாணம் வைத்திருந்தவர் சந்தனக் கலர் கேட்டார். ஸ்வீட் கடைக்காரர், கேசரிப் பவுடர் வாங்குகிற தொல்லை விட்டுப்போகும் என்று ஆரஞ்சு கேட்டார். பள்ளிக்கூடத்துத் தலைமையாசிரியை யூனிபார்ம் துணியில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தனுப்பினார். ஒரு கட்சிக்காரர்கள் வந்து, தங்கள் கொடியில் இரண்டு நிறம் இருப்பதால் ஹேண்டில்பாரின் வலது கொம்புக்கு ஒன்றும் இடது கொம்புக்கு ஒன்றும் சுற்றினால், மாட்டின் வலது காம்பில் ஒரு நிறமும் இடது காம்பில் ஒரு நிறமும் வருமல்லவா என்று கேட்டார்கள். அவர்கள் எழுந்து போவதற்குள், மூன்று நிறக் கொடி வைத்திருக்கிற இன்னொரு கட்சிக்காரர்கள் வந்து, நாலு காம்பில் மூன்றை எப்படிப் பிரிப்பது என்று கவலைப்பட்டார்கள். கோகிலவாணி எல்லோருக்கும் டீ கொடுத்தாள். எல்லோரிடமும் ஒரே பதிலைச் சொன்னாள்: "எனக்குக் கலர் முக்கியமில்லீங்க. கெட்டியா இருக்கோணும். கை மரத்துப் போகக் கூடாது." அதை யாரும் காதில் வாங்கிக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

நாச்சாத்தாள் கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டார். மண்டபம் நிரம்பி, நிழற்பந்தல் நிரம்பி, மாடு பிடித்துக்கொண்டு வந்தவர்களால் ரோடும் நிரம்பியது.

"எனக்கு எந்தக் கலரும் வேண்டாம் தலைவரம்மா," என்றார் சிக்கந்தர் பாய். "டீ, டீ கலர்ல இருந்தாப் போதும்."

அந்த ஒரு வார்த்தையில் கூட்டம் அப்படியே அமைதியாகி, தனக்கு வேண்டியது கிடைக்காவிட்டாலும் அடுத்தவனுக்கு வேண்டியது கிடைக்காமல் போனால் சரி என்கிற மன நிறைவோடு எல்லோரும் கையைத் தூக்கினார்கள். வெள்ளை என்று முடிவாயிற்று.

கோகிலவாணி எழுந்தாள். "வெள்ளையில கெட்டி டேப் கெடையாதுங்க. மெல்லிசுதான் வருது. அதச் சுத்துனா என்ற கை தாங்காதுங்க."

பின்வரிசையிலிருந்து ஒருவர், குரலில் கோபமே இல்லாமல், "கை ரெண்டு. மாடு ஆயிரத்து நானூறுங்க அம்மிணி," என்றார்.

எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது. எண்களோடு வாழ்கிறவள் அதை மறுக்க மாட்டாள். உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகு தன் இரண்டு கையும் மடியில் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

பேரூராட்சி செலவில் வெள்ளை டேப் வந்தது. மயில்நீலத்தை அவள் கிழியாமல் கழற்றி, பாம்புச் சட்டையைச் சுருட்டுவது போலச் சுருட்டி, பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தாள். மறுநாள் பால் பால் போல இருந்தது. ஊரே அதை எட்டிப் பார்த்துவிட்டு, ஏதோ குறைகிற மாதிரி இருக்கிறதே என்று கொஞ்ச நேரம் நின்றது. பிறகு வேலையைப் பார்க்கப் போனது.

வெள்ளை டேப்பைச் சுற்றுகிற சைக்கிள்காரர்களுக்கெல்லாம் நடப்பதுதான் அவளுக்கும் நடந்தது: கை அழுக்கு டேப்பில் ஏறியது. நாலாம் நாள் பால், மழையில் நனைந்த சுண்ணாம்புச் சுவர் போலாயிற்று. எட்டாம் நாள், அரிசி கழுவின தண்ணீர். பத்தாம் நாள் செயின் கழன்று விழ, மாட்டிவிட்டு அப்படியே மிதித்து வந்துவிட்டாள். மறுநாள் காலை பொங்கியண்ணன் கறந்த பாலில் கருப்பாக ஒரு கட்டைவிரல் ரேகை மிதந்தது. துணி போட்டு வடிகட்டினார். ரேகை துணியில் புகுந்து இந்தப் பக்கம் வந்து முழுசாக நின்றது. அன்றிலிருந்து ஊரில் அவளை யாரும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதில்லை. "கை கழுவுனீங்களா" என்றுதான் கேட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் பூ விற்கிறவர் முதல் தபால்காரர் வரை, வணக்கம் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்காமல் கூப்பிய உள்ளங்கையைப் பார்த்தார்கள். பார்க்கிறவர்களெல்லாம் சோப்பு கொடுத்தார்கள். வீட்டில் நாற்பத்தேழு சோப்பு சேர்ந்தது. அவள் கையுறை போட்டுப் பார்த்தாள். கையுறையின் சாயம் ஒட்டி, பால் ஒரு நாள் முழுக்கச் சாம்பலாக இருந்தது.

கடைசியில் நாச்சாத்தாளே நாலு பேரோடு வந்து சைக்கிளை வாங்கிக்கொண்டு போனார். பேரூராட்சி ஆபீஸில் ஒரு தலைவர் சிலைக்காகச் செய்து, சிலை வராமலே போன ஒரு பெரிய கண்ணாடிப் பெட்டி இருந்தது. டேப்பை சோப்புப் போட்டுத் துடைத்து, சைக்கிளை அதற்குள் நிறுத்திப் பூட்டினார்கள். பால் மல்லிகைப்பூ மாதிரி வெளுத்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவந்து காட்டினார்கள்.

கோகிலவாணி மூன்று வாரம் நடந்தாள். ஆபீஸுக்கு நடந்தாள், வயலுக்கு நடந்தாள். விரல்கள் பத்தும் நன்றாக இருந்தன. பிடிக்கத்தான் ஒன்றும் இல்லை. சாப்பிடும்போது இடது கை மேசை விளிம்பைப் பற்றிக்கொண்டது. ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தால் விரல்கள் காற்றில் பிரேக் பிடித்தன. ஒரு நாள் திருமூர்த்தி சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டே, அந்த வெள்ளை மோரைப் பார்த்து, சாப்பிடாமல் எழுந்துவிட்டார். அவள் வெள்ளிக்கிழமை மத்தியானம் நாச்சாத்தாள் முன்னால் போய் நின்றதற்கு அந்தச் சாப்பிடாத சோறுதான் காரணம்.

"ஞாயித்துக்கெழம இருநூறு கிலோமீட்டர் ஓட்டம் இருக்குதுங்க. சைக்கிள் வேணுமுங்க."

"ஞாயித்துக்கெழம ஊருல அஞ்சு கல்யாணம் அம்மிணி," என்றார் நாச்சாத்தாள். "இருநூறு கிலோமீட்டர் அந்த வெள்ளையப் புடிச்சீன்னா பால் தார் மாதிரி வந்துராதா? பொண்ணு மாப்பிள்ளைக்குத் தாரையா குடுக்கறது?"

"வெள்ளையில போக மாட்டனுங்க. கை தாங்காது. நீலத்தத்தான் சுத்துவேன்."

"ஜெயிச்சா என்ன குடுப்பாங்க?"

"ஒண்ணும் குடுக்க மாட்டாங்க. கார்டுல ஒரு சீல் வைப்பாங்க."

"சீல்தான? இங்கயே மூணு இருக்குது. எது வேணும் சொல்லு, வச்சுத் தர்றேன்."

கோகிலவாணி சிரிக்கவில்லை. "போன தடவ நாப்பது கிலோமீட்டர் பாக்கி வச்சுட்டு வந்துட்டனுங்க, தலைவரம்மா. அளக்கப் போன நெலத்தப் பாதியில விட்டுட்டு வந்தா எனக்குச் சோறு எறங்காதுங்க. ஒரு வருசமா எறங்கல."

நாச்சாத்தாள் வெளியே பார்த்தார். அங்கே காற்று யாருடைய வேட்டியையோ தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. மூன்று முறை தோற்றவர் என்று சொன்னேனே, முதல் முறை எட்டு ஓட்டில், இரண்டாம் முறை ஐந்து ஓட்டில், மூன்றாம் முறை ஒரே ஒரு ஓட்டில். அந்த ஒரு ஓட்டை நாலு வருடம் தேடியவர் அவர். மேசை டிராயரைத் திறந்து சாவியை எடுத்து வைத்தார்.

"வெள்ளை டேப்பு பேரூராட்சி சொத்து. அதக் கழட்டி இந்த மேசை மேல வச்சுரோணும். சைக்கிள் உன்னுது. அதுல நீ என்னத்தச் சுத்தறயோ, நான் பாக்கல."

"கல்யாணம்...?"

"நீலப் பால் குடிச்சா மாப்பிள்ளை ஓடியா போயிருவான்? எடுத்துட்டுப் போ அம்மிணி."

ஞாயிற்றுக்கிழமை ஐந்து மணிக்கு அவள் பொள்ளாச்சியில் புறப்பட்டபோது மடைப்பாளையத்தில் ஆயிரத்து நானூறு மாடுகளும் மயில்நீலமாகக் கறந்துகொண்டிருந்தன என்பது அவளுக்குத் தெரியும். அதை நினைக்காமல் மிதித்தாள். காற்று முதுகில் கை வைத்துத் தள்ள, பழனி மலை வலது பக்கம் எழுந்து, வந்து, பின்னால் போனது. ஒட்டன்சத்திரத்தைத் தாண்டித் திரும்பும் இடத்தில் கார்டை நீட்டி, இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டு, சைக்கிளைத் திருப்பினாள். அங்கிருந்து அதே காற்று, இத்தனை நேரம் கூட வந்த சிநேகிதன் சட்டென்று முகம் மாறியது போல, எதிரே நின்றது. குனிந்தாள். கொம்பின் அடியைப் பிடித்தாள். கூட வந்தவர்கள் முன்னால் போனார்கள், சிலர் பின்னால் தங்கினார்கள், அவள் தனியாக மிதித்தாள்.

மூன்றே கால் மணிக்கு மடத்துக்குளத்துக்கு முன்னால், நூற்று அறுபதாவது கிலோமீட்டரில், சுண்டு விரல் போயிற்று. பிறகு மோதிர விரல். கெட்டியான டேப் அதுவரைக்கும் காப்பாற்றிக் கொண்டுவந்ததே பெரிது; இந்தக் காற்றை அதுவும் எதிர்பார்க்கவில்லை போல. கையை உதறினாள், கடித்தாள், தொடையில் அடித்தாள். விரல்கள் குளிர்ந்து கிடந்தன. பஞ்சர் கடை தெரிந்தது, பெஞ்சும் தெரிந்தது. யாரும் உட்காராத பெஞ்ச், அவளுக்காகத் துடைத்து வைத்தது போல இருந்தது. அவள் மிதிப்பதை நிறுத்தினாள். சைக்கிள் தானாக உருண்டு மெதுவாகிக்கொண்டே வந்தது.

அப்போது ஹேண்டில்பார் சுட்டது.

வெயில் என்று முதலில் நினைத்தாள். வெயிலின் சூடு காய்ந்த சூடு; இது ஈரச் சூடு. ஆவி பறக்கிற டம்ளரை இரண்டு கையாலும் அணைத்துப் பிடித்த மாதிரி, டேப்புக்குள்ளிருந்து கசிந்து ஏறி உள்ளங்கைக்குள் போயிற்று. ஏறிக்கொண்டே போய், ஒரு கட்டத்தில் கையை எடுத்துவிடலாமா என்கிற அளவுக்குக் கொதித்து, யாரோ தண்ணீர் தெளித்த மாதிரி சட்டென்று அடங்கி, பிறகு ஒரே சீராக நின்றது. காய்ச்சின பாலின் வாசம் வந்தது. கொஞ்சம் அடிப்பிடித்த வாசமும் வந்தது. விரல்களில் முதலில் எறும்பு ஊர்ந்தது, பிறகு ஊசி குத்தியது, பிறகு நன்றாக வலித்தது. வலித்ததும் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. குறுக்கே வந்த ஆட்டு மந்தைக்கு பிரேக் பிடித்தாள். பிரேக் பிடித்தது விரலுக்குத் தெரிந்தது. ஆடுகள் போன பிறகு பெஞ்சைத் தாண்டி மிதித்தாள். உடுமலையைத் தாண்டினாள். காற்று என்னென்னவோ சொல்லிப் பார்த்தது. ஆறு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குப் பொள்ளாச்சியில் கார்டை நீட்டினாள். சீல் வைத்தார்கள். சீல் வைத்த ஆள், "என்ன மேடம், கையெல்லாம் பிசுபிசுன்னு இருக்கு?" என்றார்.

திருமூர்த்தி கம்பெனி வண்டியோடு வந்து நின்றார். சைக்கிளைப் பின்னால் ஏற்றிக் கட்டிவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தவர், ஊருக்கு வெளியே வந்ததும் பேச ஆரம்பித்தார். இருபது வருடக் கல்யாண வாழ்க்கையில் அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.

"மூணு மணிக் கறவைக்குப் பொங்கியண்ணன் உக்காந்தாரு கோகிலா. பால் ஜில்லுனு வந்துச்சு. மடியில இருந்து வர்ற பால், ஐஸ் மாதிரி. அவரு ஓடிவந்து என்ற கையில ஊத்துனாரு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு. போன வருசம் நீ வந்து எறங்குனப்ப உன்ற வெரல் அப்படித்தான் இருந்துச்சு. என்ன பண்றதுன்னு தெரியல. அடுப்புல வச்சேன். அதப் பாத்துப் பொங்கியண்ணன் வச்சாரு. சிக்கந்தர் பாய் பாய்லரக் கழுவிட்டு மொத்தமும் ஊத்திட்டாரு; ஒருவாட்டி பொங்க வந்துருச்சு, எல்லாருமாச் சேந்து தண்ணி தெளிச்சோம். தலைவரம்மா மைக்கு கட்டிட்டாங்க. சிறுதீ, சிறுதீ, யாரும் பொங்க விட்றாதீங்கன்னு தெருத்தெருவா. அஞ்சு கல்யாண மண்டபத்துலயும் தாலி கட்டுன கையோட பொண்ணுங்க உக்காந்து கரண்டி போட்டுக் கிண்டுச்சுங்க."

பிறகு களைத்துப்போய் ஊர் வரும் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

ஏழரை மணிக்கு வண்டி மடைப்பாளையத்துக்குள் நுழைந்தது. ஒவ்வொரு வாசலிலும் ஒரு அடுப்பு, அதன்மேல் ஒரு பாத்திரம், பாத்திரத்தில் மயில்நீலப் பால், அதன்மேல் தடித்த ஆடை. யாரும் சத்தம் போடவில்லை, மாலை போடவில்லை. கரண்டியும் கையுமாக எழுந்து நின்றார்கள். நாலு மணி நேரமாக அடுப்பு முன்னால் இருந்ததில் எல்லோர் முகமும் சிவந்திருந்தது. கோகிலவாணி கைகளை உயர்த்தி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டினாள். பத்தும் மடங்கின. கூட்டம் பத்தும் முடிகிறவரை பார்த்துவிட்டு மூச்சு விட்டது. பொங்கியண்ணன் தலைத்துண்டால் மூக்கைச் சிந்தினார்.

நாச்சாத்தாள் முன்னால் வந்தார். கையில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் ஒரு கரண்டி மோர்.

"சீல் வச்சாங்களா?"

"வச்சுட்டாங்க தலைவரம்மா."

"அது கெடக்கட்டும். இப்ப ஒரு சங்கடம்," என்றார் நாச்சாத்தாள். "சொசைட்டிக்கு ஒரு சொட்டுப் போகல. ஊர்ப் பால் மொத்தமும் காஞ்சு நிக்குது. இனி அடுப்புல வச்சாத் தீஞ்சுபோகும், எறக்கி வச்சாத் திரிஞ்சுபோகும். உறை ஊத்தறதுதான் வழி. ஆனா பால் சுட்டா அங்க சுடுது. தயிரா உறைஞ்சா உன்ற ஹேண்டில் என்ன ஆகும்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல. நீ சொல்லாம யாரும் ஊத்த மாட்டேங்கறாங்க."

கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். தெருக்கோடி வரைக்கும், வாசலுக்கு ஒருவராக, கரண்டியில் மோரை வைத்துக்கொண்டு ஊரே அவள் வாயைப் பார்த்து நின்றது. அவள் வண்டிக்குப் பின்னால் போய் ஹேண்டில்பாரைப் பிடித்தாள். இன்னும் இளம்சூடாக இருந்தது, உறை ஊற்றுகிற பக்குவத்தில். கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள்.

"ஊத்துங்க," என்றாள். கரண்டிகள் சாய்ந்தன. "ஆனா நாளைக்கு எனக்கு டியூட்டி இருக்குதுங்க, சைக்கிள்லதான் போறேன். ரொம்பப் புளிக்க மட்டும் விட்றாதீங்க."